நாணலும் கரும்பும்

நுழையும்முன்

மனிதன் வயலில் விதைத்தவை சில. காடு தானே வளர்த்தவை பல. வயலில் விளையும் பயிருக்கு நோய் வரும்பொழுது, அதைக் காக்கும் வலிமை பெரும்பாலும் காட்டில் வளரும் அதன் உறவுச் செடியிடமே இருக்கிறது. இந்த உண்மையைச் செல்லுக்குள் நுழைந்து கண்டவர், அதற்காகவே இறுதிவரை உழைத்தவர் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள். மலபார்க் கடற்கரையில் பிறந்து, உலகின் பெரும் ஆய்வகங்களில் பணிபுரிந்து, சென்னைக்கு மேற்கே மதுரவாயலில் தம் இறுதிக்காலத்தைக் கழித்த அவரின் வாழ்க்கையை இப்பாடம் விளக்குகிறது.

தலைச்சேரியில் ஒரு தோட்டம்

இடவலத்து கக்காட்டு ஜானகி 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். இன்று கேரளத்தில் உள்ள அவ்வூர், அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. தந்தை இ. கே. கிருஷ்ணன் மாகாண நீதித்துறையில் துணை நீதிபதியாக விளங்கியவர். நீதிமன்றப் பணிக்கு இடையே இயற்கையை நோக்குவதில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். வடமலபார்ப் பகுதியின் பறவைகளைப் பற்றி எழுதினார். வீட்டைச் சுற்றித் தோட்டம் வளர்த்தார். தாய் தேவி. உடன்பிறந்தோர் பலர் சூழ்ந்த பெரிய குடும்பத்தில், செடியையும் பறவையையும் பெயர் சொல்லி அறியும் பழக்கம் குழந்தைப் பருவத்திலேயே ஜானகிக்கு வாய்த்தது.

அக்காலத்தில் பெண்கல்வியின் நிலை எத்தகையது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். 1911ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே. ஜானகி பிறந்த தீயர் குடியும் அன்றைய சாதிப் படிநிலையில் பின்தள்ளப்பட்டிருந்தது. உரிய வயதில் திருமணம் செய்துகொண்டு இல்லறம் ஏற்பதே பெண்ணுக்கு உரிய வழி என்று ஊர் கருதியது. உடன்பிறந்த பெண்கள் அவ்வழியில் செல்ல, ஜானகி கல்வியைத் தேர்ந்தார். இறுதிவரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

பள்ளிக் கல்வியைத் தலைச்சேரியில் முடித்தவர், சென்னைக்கு வந்து இராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்தார். மகளிருக்கெனச் சென்னையில் 1914ஆம் ஆண்டு தோன்றிய முதற்கல்லூரி அது. பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்று, 1921ஆம் ஆண்டு தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். அதன்பின் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். மாணவியராய்ப் பெண்கள் நுழைவதே அரிதாயிருந்த காலத்தில், அறிவியல் கற்பிக்கும் ஆசிரியராக ஒரு பெண் நின்றது சிறு செயலன்று.

கடல் கடந்த கல்வி

ஆசிய நாடுகளின் பெண்கள் உயர்கல்வி பெறுவதற்காக அமெரிக்காவின் மிசிகன் பல்கலைக்கழகம் பார்பர் உதவித்தொகை என்ற ஒன்றை வழங்கிவந்தது. 1924ஆம் ஆண்டு அவ்வுதவித்தொகையைப் பெற்று ஜானகி அமெரிக்கா சென்றார். அங்கு முதுகலைப் பட்டம் பெற்றுச் சென்னைக்குத் திரும்பி மீண்டும் கற்பித்தார். பிறகு ஆய்வுக்காக மறுபடியும் மிசிகன் சென்றார். 1931ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது. அமெரிக்காவில் தாவரவியலில் இத்தகைய பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியாக அவர் கருதப்படுகிறார்.

அவர் தேர்ந்த துறை செல்மரபியல். செடியின் புறத்தோற்றத்தைக் கண்டு வகைப்படுத்துவது தாவரவியலின் பழைய முறை. இலை எவ்வாறு உள்ளது, பூவிதழ் எத்தனை, காய் வெடிப்பதா வெடிக்காததா என்று நோக்குவது அது. செல்மரபியலோ செடியின் உள்ளே செல்கிறது. ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. தாய்ச்செடியின் பண்புகளைச் சேய்ச்செடிக்குக் கொண்டு செல்பவை அவையே. அவற்றின் எண்ணிக்கையையும் வடிவத்தையும் அறிந்தால், எச்செடி எதற்கு உறவு, எதனோடு எது கலக்கும், கலந்தால் வித்து முளைக்குமா என்பவற்றை ஓரளவு முன்னரே கூற இயலும்.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இப்பணி பெரும்பொறுமையைக் கேட்பது. செல்கள் விரைந்து பிரியும் இடமான வேர்நுனியை உரிய நேரத்தில் வெட்டியெடுக்க வேண்டும். அதைப் பதப்படுத்திச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் பரப்ப வேண்டும். பின்னர் நுண்ணோக்கியின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும் இழைகளைப் பிரித்தறிந்து எண்ண வேண்டும். ஒரு செல்லில் எண்ணியது போதாது. பல செல்களில் எண்ணி ஒப்பிட வேண்டும். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவர் செய்த பணியின் அடித்தளம் இந்த எண்ணுதலே.

> தெரியுமா?
> பெரும்பாலான உயிரினங்களின் உடற்செல்களில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக உள்ளன. ஒன்று தாய்வழி, மற்றொன்று தந்தைவழி. இதனை இருமடியம் என்பர். தாவரங்கள் பலவற்றில் மூன்று, நான்கு, ஆறு, எட்டு எனத் தொகுதிகள் பெருகியும் காணப்படும். இதற்குப் பன்மடியம் என்று பெயர். கோதுமை, உருளைக்கிழங்கு, கரும்பு ஆகியவை பன்மடியத் தாவரங்களே. பன்மடியச் செடிகள் பெரிய இலையும் பூவும் கொண்டிருப்பதும், கடுமையான தட்பவெப்பத்தைத் தாங்குவதும் உண்டு.

கரும்பின் இனிமையும் நாணலின் வன்மையும்

தாயகம் திரும்பிய ஜானகி அம்மாள் 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரத்தில் மகாராஜா அறிவியல் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1934ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் இருந்த கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியல் வல்லுநராகச் சேர்ந்தார்.

கோயம்புத்தூரில் அந்நிலையம் 1912ஆம் ஆண்டு அமைந்ததற்குக் காரணம் உண்டு. கரும்பைக் கரணை நட்டு வளர்ப்பதே உழவர் வழக்கம். கரணையிலிருந்து முளைப்பது தாய்க்கரும்பின் மறுபடியே ஆகும். அதில் புதிய பண்பு தோன்றுவதில்லை. புதிய வகை வேண்டுமானால் கரும்பு பூக்க வேண்டும், ஒன்றன் மகரந்தம் மற்றொன்றில் சேர வேண்டும், விதை உண்டாக வேண்டும். வடஇந்தியச் சமவெளியில் கரும்பு அரிதாகவே பூக்கும். கோயம்புத்தூரின் தட்பவெப்பத்தில் அது நன்கு பூத்து விதை தரும். ஆகவே நாடு முழுமைக்கும் வேண்டிய கரும்பு இனங்களின் பிறப்பிடமாக அவ்வூர் ஆயிற்று.

அன்றைய இடர்ப்பாடு யாது? சாறு மிகுந்த, தடித்த, இனிப்பான கரும்பு இனம் வெப்பமண்டலத்துக்கு உரியது. அது வடநாட்டுக் குளிரைத் தாங்காது; வறட்சியைத் தாங்காது; தண்டின் உட்பகுதியைச் செந்நிறமாக்கி அழிக்கும் செவ்வழுகல் நோய்க்கு எளிதில் இரையாகும். வடநாட்டில் விளைந்த மெல்லிய கரும்போ தாக்குப்பிடிக்கும். ஆயினும் அதன் விளைச்சல் குறைவு. ஆதலால் கரும்பின் தாயகங்களுள் ஒன்றான இந்தியா, சாவகத்திலிருந்து சர்க்கரையை இறக்குமதி செய்யும் நிலையில் இருந்தது.

ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானே வளரும் நாணல் இனத்துக் காட்டுக் கரும்பு ஒன்று உண்டு. அதில் இனிப்பு இல்லை. உழவர் அதைக் களையென்றே வெட்டியெறிவர். ஆனால் வெள்ளத்திலும் வறட்சியிலும் அது பிழைக்கும். பல நோய்கள் அதனை அணுகுவதில்லை. இனிப்புக் கரும்போடு இக்காட்டுக் கரும்பைக் கலந்து பார்த்ததே கோயம்புத்தூர் நிலையத்தின் பெருஞ்சாதனை. இவ்வாறு பிறந்த கோ 205 என்னும் வகை 1918ஆம் ஆண்டு பஞ்சாபில் பயிரிடுவதற்கு வெளியிடப்பட்டது. டி. எஸ். வெங்கடராமன் அவர்களின் வழிகாட்டுதலில் அப்பணி மேலும் விரிவடைந்தது.

களத்தில் கிடைத்த அவ்வெற்றியின் காரணத்தைச் செல்லுக்குள் தேடுவதே ஜானகி அம்மாளின் பணியாயிற்று. இனிப்புக் கரும்பின் செல்லில் குரோமோசோம்கள் 80 உள்ளன. காட்டுக் கரும்பிலோ அவ்வெண்ணிக்கை இடத்திற்கு இடம் மாறுகிறது. 40 முதல் 128 வரையும் காணப்படுகிறது. எவ்விடத்துக் காட்டுக் கரும்பில் எத்தனை, கலப்பில் எவை நிலைக்கின்றன, எவை மறைகின்றன என்பவற்றை அவர் ஆராய்ந்தார். காட்டுக் கரும்பின் தோற்றமும் பரவலும் பற்றிய ஆய்வுக்கும் இது துணையாயிற்று. மேலும் கரும்பை அதன் இனத்துக்குள் மட்டும் கலக்காமல், மக்காச்சோளம் முதலிய வேறு பேரினப் புற்களோடும் கலந்து, அவற்றின் சேய்ச்செடிகளை ஆராய்ந்தார். வேறு பேரினங்கள் கலப்பது அரிது. கலந்தாலும் முளைப்பது அரிது. அவ்வரிய கலப்புகள் பற்றிய அவருடைய கட்டுரைகள் அறிவுலகின் கவனத்தை ஈர்த்தன.

நோயை எதிர்க்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவிற்கு இவ்வாய்வு ஒரு விடை தந்தது. மனிதன் இனிப்பை நாடித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த கரும்பு, அத்தேர்வின் ஊடே தன் வன்மையை இழந்தது. யாரும் தேர்ந்தெடுக்காத நாணல் அவ்வன்மையைக் காத்து வைத்திருந்தது. களை என்று தள்ளப்பட்ட செடி, பயிரின் சேமநிதியாக விளங்கியது. ஜானகி அம்மாளின் பிற்காலச் சிந்தனை முழுவதற்கும் இதுவே வித்து எனலாம்.

1935ஆம் ஆண்டு சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. ஆயினும் ஆய்வு நிலையச் சூழல் அவருக்கு இனிதாக அமையவில்லை. ஆண்களே நிறைந்திருந்த பணியிடத்தில், தனித்து வாழும் பெண்ணாகவும் பின்தள்ளப்பட்ட குடியினராகவும் அவர் எதிர்கொண்ட தடைகள் பல. அவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிராமல் வேறு வாயிலைத் தேடினார்.

குண்டுமழையும் குரோமோசோம் கணக்கும்

1939ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் உலக மரபியல் மாநாடு நடைபெற்றது. அதில் கலந்துகொள்ளச் சென்றிருந்தபொழுது இரண்டாம் உலகப்போர் மூண்டது. பயணவழிகள் அடைபட்டன. இங்கிலாந்திலேயே தங்க நேர்ந்த அவர், 1940 முதல் 1945 வரை இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னசு தோட்டக்கலை ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார்.

இரவில் வானூர்திகள் குண்டு வீசும். காலையில் உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு நுண்ணோக்கியின் முன் அமர்வார் என்று அவரை அறிந்தோர் கூறுவர். அப்போர்க்காலத்தில் உருவானதே, மரபியல் அறிஞர் சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து அவர் படைத்த பெருநூல். உலகில் மனிதர் பயிரிடும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்துரைக்கும் அந்நூல் 1945ஆம் ஆண்டு வெளிவந்தது. எண்களைப் பட்டியலிடுவதோடு அது நிற்கவில்லை. எச்செடி எந்நாட்டில் தோன்றியது, மனிதரோடு எவ்வாறு பரவியது என்பவற்றையும் ஆராய உதவியது. பயிர்களின் வரலாறும் மனிதரின் வரலாறும் பிரிக்க இயலாதவை என்பதை அது உணர்த்தியது.

பின்னர் விசிலியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில் செல்லியல் அறிஞராக 1951 வரை பணியாற்றினார். அங்கு அவர் கையாண்ட பொருள்களுள் ஒன்று கோல்சிசின். செல் பிரியும்பொழுது இரட்டித்த குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துப் பிரிக்கும் நுண்ணிழைகளை இவ்வேதிப்பொருள் உருவாகாமல் தடுக்கும். அதனால் இரட்டித்தவை பிரியாமல் ஒரே செல்லில் தங்கிவிடும், செடி பன்மடியமாகும். நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இதே வேதிப்பொருள் உள்ளது என்பது அறியத்தக்கது. மரவகைச் செடிகளின் நாற்றுகளில் கோல்சிசினைச் செலுத்தி அவர் ஆய்வு செய்தார். நம் செண்பகத்தின் உறவினமாகிய மக்னோலியா நாற்றுகளை இவ்வாறு வளர்த்தார். அவற்றுள் வெண்மலர் பூக்கும் ஒரு வகை, இன்றும் ஜானகி அம்மாள் என்னும் பெயராலேயே வழங்கிவருகிறது.

தாயகத்தின் அழைப்பு

விடுதலை பெற்ற இந்தியா தன் அறிவியல் நிறுவனங்களைப் புதிதாய் அமைத்துக்கொண்டிருந்தது. பிரதமர் ஜவகர்லால் நேருவின் அழைப்பை ஏற்று 1951ஆம் ஆண்டு ஜானகி அம்மாள் தாயகம் திரும்பினார். 1890ஆம் ஆண்டு ஆங்கிலேயர் தோற்றுவித்த இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் சிறப்புப் பணி 1952ஆம் ஆண்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அலகாபாத்தில் இருந்த மையத் தாவரவியல் ஆய்வகத்திற்குத் தலைமை ஏற்றார்.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இந்தியக் காடுகளில் திரட்டப்பட்ட செடிகளின் உலர்மாதிரிகள் பெருமளவில் இலண்டன் கியூ தோட்டத்திற்குச் சென்றுவிட்டன. தன் நாட்டுச் செடியைப் பற்றி அறிய ஓர் இந்திய மாணவர் கடல் கடக்க வேண்டியிருந்தது. இந்தியச் செடிகளை இந்தியரே தேடித் திரட்டி, இங்கேயே பாதுகாத்து ஆராய வேண்டும் என்பது ஜானகி அம்மாளின் உறுதியான கருத்து. அவ்வுறுதியோடு அவரே மலைகளிலும் காடுகளிலும் பயணம் செய்தார். நேபாளம், இலடாக்கு, வயநாடு எனப் பல நிலப்பகுதிகளுக்கும் சென்றார்.

இமயமலைச் செடிகளை ஆராய்ந்தபொழுது, வடகிழக்கில் உள்ள குளிர்ந்த ஈரநிலத்தில் பன்மடியச் செடிகள் மிகுந்திருப்பதையும், வடமேற்கில் உள்ள குளிர்ந்த வறண்ட நிலத்தில் அவை குறைவாக இருப்பதையும் கண்டார். சீன நாட்டுச் செடியினங்களும் மலேய நாட்டுச் செடியினங்களும் வடகிழக்கில் சந்தித்து இயற்கையாகவே கலந்ததால் அங்குப் புதிய இனங்கள் பெருகின என்று விளக்கினார். கோயம்புத்தூர் வயலில் மனிதர் செய்ததை இமயத்தின் சரிவில் இயற்கை நெடுங்காலமாகச் செய்துவந்தது என்பதே இதன் பொருள்.

எரிந்த மரம்

பயணங்கள் அவருக்கு மகிழ்ச்சியை மட்டும் தரவில்லை. அரிய மக்னோலியா மரம் ஒன்று ஷில்லாங் நகரிலிருந்து 37 மைல் தொலைவில் நிற்கிறது என்று அறிந்து அதனைத் தேடிச் சென்றார். அப்பகுதியில் எஞ்சியிருந்த ஒரே மரம் அது. சென்று பார்த்தபொழுது அது எரிக்கப்பட்டுக் கிடந்தது. இச்செய்தியை இங்கிலாந்திலிருந்த டார்லிங்டனுக்கு வருத்தத்தோடு எழுதினார்.

நாட்டில் உணவுப் பற்றாக்குறை நிலவிய காலம் அது. மிகுதியாக உணவு விளைவிக்க வேண்டும் என்ற முனைப்பில் காடுகள் திருத்தப்பட்டு வயல்களாயின. அம்முனைப்பில் பிழையில்லை என்றே எவரும் கூறுவர்; பசித்த மக்களுக்கு உணவு வேண்டும். பயிர்ப்பெருக்கத்துக்காகவே தம் இளமையைச் செலவிட்டவர் ஜானகி அம்மாள். ஆகவே அவருள் எழுந்த வினா கடுமையானது. காட்டை அழித்து வயலாக்கினால், நாளை அவ்வயலின் பயிருக்கு நோய் வரும்பொழுது அதற்கு வன்மை தரும் உறவுச்செடியை எங்கே தேடுவது? கரும்பை மட்டும் வைத்துக்கொண்டு நாணலை எரித்துவிடலாமா? உணவைப் பெருக்குவதும் காட்டைக் காப்பதும் ஒரே கடமையின் இரு பக்கங்கள் என்னும் தெளிவுக்கு அவர் வந்தார்.

1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்சுடன் நகரில், மனிதர் புவியின் முகத்தை எவ்வாறு மாற்றிவருகின்றனர் என்பது குறித்துப் பன்னாட்டு அறிஞர் மாநாடு ஒன்று கூடியது. சுற்றுச்சூழல் பற்றிய சிந்தனை உலகில் பரவலாகாத காலம் அது. அழைக்கப்பட்ட அறிஞர்களுள் அவர் ஒருவரே பெண். சந்தைக்காக அன்றித் தம் தேவைக்காகவே பயிரிட்டும் காட்டில் திரட்டியும் வாழும் இந்தியப் பழங்குடி மக்களின் பொருளியல் குறித்து அவர் அங்கு உரை வழங்கினார். எந்தக் கிழங்கை எப்பொழுது அகழ்வது, எந்த இலை எந்நோய்க்கு உதவும் என்னும் அம்மக்களின் அறிவும் காட்டைப் போலவே காக்கப்பட வேண்டியது என்பது அவர் கருத்து.

மதுரவாயல் ஆய்வுக்களம்

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. சம்முவில் உள்ள மண்டல ஆய்வுக்கூடத்தில் மருந்துச் செடிகளையும் நறுமணச் செடிகளையும் ஆராய்ந்தார். டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் சிறிது காலம் பணியாற்றினார். 1970ஆம் ஆண்டு நவம்பரில், தம் எழுபத்து மூன்றாம் வயதில், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் தகைசால் அறிவியலாளராக வந்து சேர்ந்தார்.

செடிகளின் நோய் பற்றிய ஆய்வில் அம்மையம் புகழ்பெற்றது. பேராசிரியர் டி. எஸ். சதாசிவன் அங்கு ஓர் ஆய்வு மரபையே உருவாக்கியிருந்தார். மண்ணில் வாழும் பூஞ்சை பருத்திச் செடியின் வேர்வழி நுழைந்து அதனை வாடச்செய்வது எவ்வாறு, அப்பூஞ்சை சுரக்கும் நஞ்சின் பங்கு யாது என்பவை அவருடைய குழுவினர் ஆராய்ந்த வினாக்கள். நோய் செடியை எவ்வாறு வெல்கிறது என்று அவர்கள் கண்டனர். எச்செடியிடம் வெல்லப்படாத வன்மை மறைந்துள்ளது என்பது ஜானகி அம்மாள் தம் வாழ்நாளெல்லாம் தேடியது.

அம்மையத்தின் ஆய்வுக்களம் மதுரவாயலில் இருந்தது. இன்று பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையும் புறவழிச்சாலையும் சந்திக்கும் இடமாக, அம்பத்தூருக்கும் பூவிருந்தவல்லிக்கும் செல்லும் ஊர்திகளின் ஓசை ஓயாத இடமாக மதுரவாயல் விளங்குகிறது. அன்றோ அது கூவம் ஆற்றின் அருகே வயலும் தோப்பும் சூழ்ந்த புறநகர்ச் சிற்றூர். அந்த ஆய்வுக்களமே அவருக்கு வீடாகவும் ஆய்வகமாகவும் ஆயிற்று. மருந்துச் செடிகளுக்கான தோட்டம் ஒன்றை அங்கு வளர்த்தார். காலையில் செடிகளிடையே உலவுதல், பின்னர் நுண்ணோக்கியின் முன் அமர்தல் என்று நாள்கள் கழிந்தன. அவரைச் சுற்றிப் பூனைகள் பல வாழ்ந்தன. அவற்றின் குட்டிகளிடையே காணும் நுண்ணிய வேறுபாடுகளையும் அவர் கூர்ந்து நோக்கினார்.

மருந்துச் செடிகளின் குரோமோசோமை ஏன் எண்ண வேண்டும்? ஒரே பெயரால் நாம் அழைக்கும் செடி, ஓரிடத்தில் இருமடியமாகவும் வேறோரிடத்தில் பன்மடியமாகவும் இருக்கக்கூடும். தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் அவற்றில் உள்ள மருந்துப்பொருளின் அளவு வேறுபடலாம். எனவே செடியின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது. அது எந்நிலத்தது, எவ்வகையது என்பதையும் அறிய வேண்டும். பாட்டி மருத்துவம் என்று நாம் எளிதாகச் சொல்லும் மரபறிவைத் துல்லியமான அறிவியலாக்குவதற்கு இதுவே முதற்படி.

> தெரிந்து தெளிவோம்
> மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை வழங்குவது தமிழர் மருத்துவ மரபு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி தீநுண்மியைத் தாங்கியிருந்தோரிடம் சென்னை அறிவியலாளர்கள் இச்செடியைச் சோதித்து, முடிவுகளை 1988ஆம் ஆண்டு இலான்செட் இதழில் வெளியிட்டனர். 30 நாள் இம்மருந்தை உட்கொண்ட 37 பேருள் 22 பேரின் குருதியில் அத்தீநுண்மியின் அடையாளம் பின்னர்க் காணப்படவில்லை. ஆயினும் பிறநாடுகளில் நடந்த ஆய்வுகள் பலவற்றில் இம்முடிவு மீண்டும் கிட்டவில்லை. செடி வளர்ந்த நிலம், அதன் வகை, மருந்து செய்த முறை ஆகியவற்றின் வேறுபாடும் காரணமாகலாம் என்ற வினா இதனால் எழுந்தது. கல்லீரல் நோய்க்கு மருத்துவரை நாடுவதே தக்கது.

அமைதிப் பள்ளத்தாக்கு

மதுரவாயலில் இருந்தபடியே அவர் தம் இறுதிப் பெரும்பணியில் ஈடுபட்டார். பாலக்காட்டு மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில், குந்திப்புழை ஆறு பாயும் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டி மின்னாற்றல் பெறக் கேரள அரசு திட்டமிட்டிருந்தது. அணை எழுந்தால் தொன்மையான மழைக்காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கும். சிங்கவால் குரங்கு முதலிய அரிய உயிரினங்கள் வாழிடம் இழக்கும். மின்னாற்றல் வேண்டும் என்போரும் காடு வேண்டும் என்போரும் எதிரெதிரே நின்றனர். ஆசிரியர்கள், கவிஞர்கள், அறிவியலாளர்கள் எனப் பலர் காட்டின் பக்கம் திரண்டனர்.

எண்பது வயதைக் கடந்திருந்த ஜானகி அம்மாளும் அவர்களோடு நின்றார். தமக்குத் தெரிந்த கருவியையே அவர் கையில் எடுத்தார். அப்பள்ளத்தாக்கின் செடிகளைத் திரட்டி அவற்றின் குரோமோசோம்களை ஆராயும் பணியை மேற்கொண்டார். ஒரு காட்டை இழந்தால் இழப்பது என்ன என்பதற்கு உணர்ச்சியோடு அறிவியல் சான்றும் வேண்டும் என்பது அவரின் எண்ணம். மனிதரின் கை படாத அக்காட்டில், எந்தப் பயிரின் எந்த உறவுச்செடி என்ன வன்மையைத் தன்னுள் வைத்துக் காக்கிறது என்று யாரும் அறியார். அறியும் முன்னே அழித்துவிடக்கூடாது.

1983ஆம் ஆண்டு அணைத்திட்டம் கைவிடப்பட்டது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரியில் மதுரவாயலில் ஜானகி அம்மாள் இயற்கை எய்தினார். இறுதிவரை அவர் பணியாற்றிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பைக் காண அவர் இல்லை. அவர் காக்க விரும்பிய காடு இருந்தது.

நிலைத்த பணி

மிசிகன் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டம், இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது முதலிய சிறப்புகள் அவருக்கு வாய்த்தன. சம்முவில் உள்ள உலர்தாவரச் சேமிப்பகம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தாவர வகைப்பாட்டியலில் சிறந்த ஆய்வாளர்களுக்கு இந்திய அரசு அவர் பெயரால் விருது வழங்குகிறது. கொடைக்கானலில் உருவான மஞ்சள் நிற ரோசா ஒன்றும், மேற்குத் தொடர்ச்சி மலையில் கண்டறியப்பட்டு 2019ஆம் ஆண்டு பெயரிடப்பட்ட பல்லியினம் ஒன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன.

தம்மைப் பற்றி எழுதிவைப்பதில் அவருக்கு நாட்டமில்லை. மனிதர் மறைந்தபின் அவர் செய்த பணியே எஞ்சும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கு ஏற்ப, அவர் ஆராய்ந்த கரும்பின் வழித்தோன்றல்கள் இன்றும் நம் வயல்களில் நிற்கின்றன. அவற்றின் செல்களில் இனிப்புக் கரும்பின் இழைகளோடு நாணலின் இழைகளும் கலந்துள்ளன. கோயம்பேட்டுச் சந்தைக்குப் பொங்கல் நாளில் வந்திறங்கும் கட்டுகளைக் காண்போர் கரும்பை அறிவர். அதன் உறவாகிய நாணலோ, எவரும் நீரூற்றாமலே, ஆற்றங்கரைகளில் இன்றும் பூத்துக்கொண்டிருக்கிறது. அதனை வெட்டியெறியும் முன் ஒரு கணம் எண்ணிப்பார்க்கும் பழக்கத்தை நாம் பெறுவோமாயின், ஜானகி அம்மாளின் உழைப்பை உணர்ந்தவராவோம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் ஏரிக்கரை, ஆற்றங்கரை, சாலையோரம் ஆகிய இடங்களில் தானே வளரும் செடிகள் பத்தினைக் கண்டறிந்து, அவற்றின் வழக்குப் பெயர்களையும் பயன்களையும் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.
2. வளர்ச்சித் திட்டங்களும் காடுகளின் பாதுகாப்பும் என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. அறிவியல் துறையில் சிறந்து விளங்கிய பெண் அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை ஒரு பக்க அளவில் எழுதுக.